சொல்லாமல் விடும் எழுத்துகள்

எங்கள் அக்கா பனவடலிசத்திரத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட, அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்து விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று தறிக்குப் போனேன். அக்கா பாளையங்கோட்டையில் தங்கிப் பிரெஞ்சு படித்து, இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை ஆனார். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையநல்லூர் மும்தாஜ் அவர்களின் கணவர் பிரான்சில் ஓட்டல் சமையல்காரர். அவரிடம் போய்ச் சேர, மும்தாஜ் பிரெஞ்சு பேசிக் காட்டித் தேற வேண்டும். ஒருமுறை தவறியிருந்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி அக்காவிடம் வருவார்.

அக்கா பலகையில் வினைச்சொல்லை எழுதி, அசை பிரியும் இடத்தில் கோடு போடுவார். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் என்பதை மூன்று விதமாக எழுதிவிட்டு, மூன்றையும் 'பார்ல்' என்றே சொல்ல வேண்டுமாம். பேசுகிறோம் என்றால் 'பார்-லோன்' என்று இரண்டாகப் பிரியும். முடிவு மூக்கோடு நின்றுவிடும்.

"வாயால சொல்லாத எழுத்த எதுக்கு டீச்சர் எழுதணும்? மை தண்டம்லா?"

"ஏட்டி, நீ வருகிறேன்னு எழுதிட்டு வாரேன்னுதான சொல்லுத? அந்த மைக்கு யாரு கணக்கு கேட்டா?"

இருவரும் சிரிக்கும் சிரிப்பு தெருவரை கேட்கும்.

பிறகு அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையோடு குரல் போனது. தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. தறி ஓட்டும் நாங்கள் எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகியவர்கள். அதனால் அக்கா உதட்டை அசைத்தாலே எனக்குப் புரியும். மற்றவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வேன்.

வகுப்பை மட்டும் அக்கா விடவில்லை. மும்தாஜ் சொல்லச் சொல்ல, கட்டில் சட்டத்தில் அசைக்கு ஒரு தட்டு தட்டுவார். தவறினால் உதட்டைக் குவித்துக் காட்டுவார். அந்த உதட்டசைவு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக என்னிடம் கேட்டது, "ஏலே, இவ தேறிருவாளா?" என்பதுதான். பதில் சொல்லுமுன் கண் மூடிவிட்டார். தேர்வுக்குச் சில நாள்களே இருந்தன.

"இனி எனக்கு யாரு தட்டுவா? நான் போவல தம்பி" என்று சாவு வீட்டில் மும்தாஜ் அழுதார்.

"போயிட்டு வாங்க. 'இவ தேறிருவாளா'ன்னு கேட்டுக்கிட்டேதான் அக்கா போயிருக்கா" என்றேன். அவ்வளவு பேர் நடுவில் நான் வாய் திறந்தது அன்றுதான்.

அவர் தேறினார். இப்போது கணவரோடு இருக்கிறார்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், கேட்டபோதெல்லாம் எனக்கு லீவு தந்த தறி முதலாளி, தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு இருக்கும்.

இந்த முதலாண்டு நினைவுநாளுக்கு வர முடியவில்லை என்று சொல்ல, மும்தாஜ் வீடியோவில் அழைத்தார். அங்குள்ள ஒரு காய்கறிக் கடையில் நின்றிருந்தார். இடையில் சத்தம் நின்றுபோனது. படம் மட்டும் ஓடியது. அவர் திரும்பிக் கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த உதடு குவிந்த விதம் என் அக்காவுடையது.