காய்ச்சல் இல்லாத மலேரியா

மர மில்லில் அவளை எல்லோரும் 'இரும்பு' என்றே கூப்பிட்டார்கள். மரக்கட்டைகளை ஊறப்போடும் குளத்தை ஒட்டித்தான் மில்லும் குடியிருப்பும். மழை விட்டதும் தொழிலாளிகள் ஒவ்வொருவராக மலேரியாவில் படுப்பார்கள். சிறுவயதில் அடிக்கடி அந்தக் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள், வளர்ந்தபின் ஒருநாளும் படுத்ததில்லை. "என்னைக் கடிச்சா கொசுவுக்குத்தான் காய்ச்சல் வரும்" என்று சிரிப்பாள்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பலகை தூக்கினால் மூச்சு வாங்கியது. உதடு வெளுத்தது. கணவன் கொசுவலை வாங்கி வந்தும், "எனக்கெதுக்கு? புதுசா வேலைக்கு வந்தவங்களுக்குக் குடுங்க" என்று தள்ளிவிட்டாள். வயிறு சரியாக வளரவில்லை என்று கண்ட நர்ஸ் அவள் ரத்தத்தைச் சோதித்தார். மலேரியா இருந்தது.

"காய்ச்சலே இல்லையே சிஸ்டர்!"

"சின்ன வயசுலேர்ந்து மலேரியா வந்து வந்து உன் ரத்தத்துல எதிர்ப்பு சக்தி ஊறியிருக்கு. அதான் காய்ச்சல் தெரியல. ஆனா நஞ்சுக்கொடியில போய் ஒட்டிக்கிற கிருமி வேற மாதிரிம்மா. முதல் பிள்ளை இல்லையா, அதை உன் உடம்பு இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

"அப்ப பிள்ளை?"

"இப்பவாவது வந்தியே" என்று மட்டும் சொல்லி, நர்ஸ் மாத்திரையை நீட்டினார்.

மகள் குறைமாதத்தில் பிறந்தாள். வாய்வைத்துப் பால் குடிக்கவும் தெம்பில்லை. தாய் தன் பாலைப் பீய்ச்சி, கரண்டியில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பிள்ளை மெல்லத் தேறியது. ஆனாலும் அதன் நெற்றி லேசாகச் சுட்டால் போதும், வேலையைப் போட்டது போட்டபடி தூக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடுவாள். நர்ஸ் சலித்துக்கொண்டாலும், ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்.