கரும்புச் சுவருக்குள் வெந்நீர்

திருபுவனையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், உள்ளே நுழையும்போதே கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் தனக்கோட்டி அக்கா இறந்த செய்தி சாப்பாட்டு நேரம் வரை ஒரு தகரப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் எங்களோடு கரும்பு வெட்டிய காசியம்மாவின் அழைப்புகள் வரிசையாக. திருப்பிக் கூப்பிட்டேன்.

“தனக்கோட்டி பூட்டாடி செல்வி. கரும்பு டிராக்டரு கவுந்துடுச்சி. லோடு மேல உக்காந்துகினு வந்தாளாம்.”

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

“யாரு செத்தது?”

“அக்கா, சார்.”

“கூடப் பொறந்த அக்காவா?”

“இல்ல. கூட கரும்பு வெட்டினவங்க.”

அவர் பேனாவை மூடிவிட்டார். “அதுக்கெல்லாம் லீவு கெடையாதும்மா.”

கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன். எனக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்று தெரியாது. அந்த அக்கா எனக்கு என்ன உறவு என்பதற்கு சூப்பர்வைசரின் லீவு படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தனக்கோட்டி அக்கா குருவிநத்தத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் ஏழுமலை, கரும்பு வெட்டும் ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போகும் மேஸ்திரி. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் திரிந்த வருடம், அவர்களுடைய கூட்டத்தில் சேர்ந்தேன். ஏம்பலம் பக்கம் ஒரு பெரிய நிலத்துக்காரரின் கரும்பு. குருவிநத்தத்துக்கும் ஏம்பலத்துக்கும் பெரிய தூரமில்லை. ஆனால் கருக்கலிலேயே கத்தியைப் பிடிக்க வேண்டும், தினமும் ஏற்றி இறக்க வண்டி தரமாட்டார்கள். ஆகவே வெட்டு முடியும் வரை வரப்போரம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்து எழுந்தவர்களுக்குத் தெரியும், அது வெளியே படுப்பதைவிட ஈரம்.

கரும்பு வெட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரும்புத் தோகையில் சுணை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத முள். கழுத்து, அக்குள், இடுப்பு என்று வேர்வை இறங்கும் வழியெல்லாம் அதுவும் இறங்கும். தோகையின் ஓரம் வேறு கத்தி மாதிரி கீறும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அரிப்பு அடங்காது, கீறல் எரியும். சுடுதண்ணீர் ஊற்றினால்தான் உடம்பு நம்முடையதாகத் திரும்பி வரும்.

நிலத்துக்காரரின் மோட்டார் கொட்டகையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. ஆழ்குழாய்த் தண்ணீர், பனிக்காலத்தில் ஆவி பறக்க வெதுவெதுப்பாக விழும். அதில் அவர் வீட்டு மாடுகளைக் குளிப்பாட்டுவார்கள். நாங்கள் இறங்கக் கூடாது. எங்களுக்கு வாய்க்கால். இதற்குக் காரணம் சாதி. வேறு நாகரிகமான சொல் எதுவும் என்னிடம் இல்லை.

முதலில் அக்கா ஒரு தார் டிரம்மைக் கொண்டுவந்து செங்கல்மேல் ஏற்றித் தோகையை எரித்தார். தோகை பொசுக்கென்று பற்றும், பொசுக்கென்று அடங்கும், தண்ணீர் சுடாது. வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டபின் நின்று எரிந்தது. இரண்டொரு நாள்தான். காற்றில் ஒரு பொறி பறந்து வெட்டாத கரும்புப் பக்கம் விழுந்ததை நிலத்துக்காரர் பார்த்துவிட்டார். டிரம்மைக் காலால் உதைத்துத் தள்ளினார். அக்கா அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. “பத்திகிச்சின்னா நம்மளும்தான்டி உள்ள வேவோம்” என்றார். கோபமெல்லாம் எனக்குத்தான்.

மறுநாள் அக்கா மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வீசியெறியப்பட்டுக் கிடந்த சொட்டுநீர்ப் பாசனத்தின் கறுப்பு ஓஸை இழுத்துவந்தார். எலி கடித்த இடங்களில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றினார். வயல் ஓரத்துப் புங்க மரத்தின் கவட்டையில் ஒரு தண்ணீர்க் கேனைக் கட்டி, அதிலிருந்து ஓஸை இறக்கி, வெட்டிமுடித்த காய்ந்த தரையில் பாம்பு மாதிரி சுருட்டிப் பரப்பினார். மறுமுனையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதன் அடியில் முள்ளால் குத்திய ஓட்டைகள். பகலெல்லாம் வெயில் அந்த ஓஸின்மேல் வேலை செய்யும். நாங்கள் கரும்பின்மேல் வேலை செய்வோம்.

முதல் நாள் சாயங்காலம் ஆசையோடு அதற்குக் கீழே போய் நின்று, அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

“இன்னாடி கத்தற? மொத தண்ணிய தரையில வுடணும்டி. பாலிடெக்னிக்ல இத்தச் சொல்லித் தரலயா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தோள் சிவந்துபோயிருந்தது. நானும் சிரித்தேன்.

ஓஸுக்குள் சுடுகிற தண்ணீர் கொஞ்சம்தான். முதலில் போகிறவர்களுக்குத்தான் சூடு. பிறகு கேனில் ஊற்றுவது பச்சையாகவே வரும். யார் முதலில் என்பதை அக்கா முடிவு செய்தார். மாதவிலக்கில் இருப்பவர்கள்தான் முதல் என்றார். எங்கள் ஊரில் அவர்கள் எதிலும் கடைசி. காசியம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

“தூரமானவ நின்ன எடத்துல நான் நிக்கணுமா? ஆத்தா கண்ணக் குத்துவா.”

“மாட்டுத் தொட்டிகிட்ட போனாலே தீட்டுன்னு அவரு சொல்றாரு. ஓஸுகிட்ட போனா தீட்டுன்னு நீ சொல்ற. நீ எப்போ நெலம் வாங்கின காசிமா?”

காசியம்மா அன்று குளிக்கவில்லை. மறுநாள் குளித்தார்.

மறைவுக்கு என்ன செய்வது? தார்ப்பாய் எல்லாம் தலைக்குமேல் போய்விட்டது. அதற்கும் அக்காதான் வழி கண்டுபிடித்தார். புங்க மரத்தடியில் கரும்பை வெட்டும்போது, வெளிச் சுற்றில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற கரும்பை அப்படியே விட்டு, நடுவில் மட்டும் ஓர் அறை அளவுக்கு வெட்டி எடுக்கச் சொன்னார். தோகையோடு நிற்கும் நான்கு பச்சைச் சுவர். ஒரு பக்கம் உடம்பைத் திருப்பி நுழையும் அளவு வழி. வயல் முழுதும் வெட்டி முடித்தபின் கடைசியாக அந்தச் சுவரை வெட்டிவிட்டு, கேனோடும் ஓஸோடும் அடுத்த வயலின் மரத்தடிக்குப் போவோம். கணக்குப்படி நிலத்துக்காரருக்கு ஒரு கழி கூடக் குறையாது. என் வாழ்க்கையில் பயமில்லாமல் குளித்த முதல் இடம் அதுதான். எங்கள் வீட்டுப் பின்னால் கட்டிய கீற்றுத் தட்டியில்கூட ஒரு கண் வெளியேதான் இருக்கும்.

அந்த நிலத்தின் கடைசி வயலில் அது நடந்தது. அந்தச் சுவர் தவிர எல்லாம் வெட்டியாகிவிட்டது. ஆலை வண்டி மறுநாள்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான் கட்டு சுமந்துவிட்டு எல்லாருக்கும் கடைசியாகக் குளிக்கப் போனேன். பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மாற்றுத் துணியைக் கரும்பின்மேல் போட்டுவிட்டு, முகமெல்லாம் சோப்பு போட்டிருந்தேன். அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னாலேயே நிலத்துக்காரரின் குரல்.

“இன்னா மேஸ்திரி, இது மட்டும் இன்னாத்துக்கு நிக்குது? கொலுவா வெச்சிருக்கீங்க? வெட்டி ஏத்து. டிராக்டர்காரன் இப்போ உட்டா நாளைக்கி வரமாட்டான்.”

வழியில் காவலுக்கு நின்றிருந்த அக்கா சொன்னார்: “அய்யா, உள்ள பொண்ணு குளிக்குது. செத்த நேரம்.”

“குளிக்கறதுன்னா வூட்டுக்குப் போய்க் குளிக்கட்டும். என் கரும்புக்குள்ள இன்னா குளியலு? ஏழுமல, கைய வைக்கிறியா, வேற ஆளு பாக்கட்டா?”

 பிறகு அடிக்கரும்பில் கத்தி இறங்கும் சத்தம். ஒன்று. அடுத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், நாள் முழுக்க நானே எழுப்புகிற சத்தம். இப்போது அது என்னை நோக்கி வந்தது. பிறகு மரத்துப் பக்கத்திலிருந்தும் வந்தது. எங்கள் ஆட்கள்தான். கூட உட்கார்ந்து கஞ்சி குடிப்பவர்கள். பச்சைச் சுவரில் ஒரு மூலை சரிந்து வானம் தெரிந்தது. என் துணி கரும்போடு சேர்ந்து வெளியே விழுந்தது. கண்ணில் சோப்பு. நான் தரையில் குந்திக்கொண்டேன். கத்த வாய் வரவில்லை. கத்தினால் உள்ளே இருப்பது நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பயந்தேன்.

அடுத்து நடந்ததைக் காசியம்மா சொல்லித்தான் அறிவேன். அக்கா நேராகப் போய், தன் கணவர் அடுத்து வெட்ட வேண்டிய கரும்புத் தூரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். முகமெல்லாம் தோகைக்குள்.

“வெட்டு மாமா” என்றாராம். “ஓங்கின கத்திய இறக்கு.”

எனக்குக் கேட்டது சத்தம் நின்றதுதான். ஏழுமலை மாமாவின் கத்தி நின்றது. பிறகு மரத்துப் பக்கம் நின்றது. டிராக்டரின் உறுமல் மட்டும். அந்த அமைதியில், இரண்டு கை தூரத்தில், கரும்புக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. யாரிடமோ கடையில் பேசுகிற மாதிரி சாதாரணமாக.

“செல்வி, சோப்ப நல்லா கழுவிட்டு வாடி. அவசரமில்ல.”

என் துணி வழிப் பக்கமாக உள்ளே நீண்டது. நான் கழுவினேன். ஓஸில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் கன்னத்தில் தோகை கீறி ரத்தக் கோடுகள். அவர் கணவரின் கையிலிருந்து கத்தியை வாங்கி, தான் கட்டிப் பிடித்திருந்த தூரைத் தானே வெட்டிப் போட்டார்.

“இப்போ ஏத்திக்குங்க அய்யா.”

இதைத் துணிச்சல் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். அதற்கு என்ன விலை என்பதையும் சொல்ல வேண்டும். “அடுத்த வருசம் உன் பொண்டாட்டி இல்லாம வா, வேலை தரேன்” என்றார் நிலத்துக்காரர். மேஸ்திரி அடுத்த வருடம் மனைவி இல்லாமல் போனார். கையில் வேறு வேலை இல்லாத அக்கா, எங்களில் யாருக்கும் தெரியாத ஒரு கூட்டத்தோடு திருபுவனைப் பக்கம் வெட்டப் போனார். அங்கே ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது. ஏற்றிய கரும்பின் உச்சியில் உட்கார்ந்துதான் வயல் மாற வேண்டும். அந்த டிராக்டர்தான் கவிழ்ந்தது. விபத்து என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்ளட்டும்.

பிரேதப் பரிசோதனை முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து உடலைத் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டைப் பிரிக்கக் கூடாது. முகமும் பாதமும்தான் வெளியே. அவர்களும் கழுவியிருந்தார்கள்தான். ஆனால் காதுமடலிலும் கால்விரல் இடுக்கிலும் வயல்மண் அப்படியே இருந்தது. தெருப் பெரியவர்கள், இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

“குளிப்பாட்டாம எப்படி எடுக்கறது?” என்றேன்.

“கட்டு நனையக் கூடாதும்மா. செத்தவளுக்கு இன்னாத்துக்கு?”

காசியம்மா அப்படிச் சொன்ன பெரியவரை ஏறிட்டுப் பார்த்தார். “மூஞ்சியும் காலும் அவளுது தான? அத்தக் கழுவிட்டுத் தரோம். தள்ளு.” பிறகு என்னிடம், “சுடுதண்ணி வைடி” என்றார்.

வைத்தேன். பெண்கள் சேலைகளை எடுத்துச் சுற்றிலும் பிடித்தார்கள். ஒரு மூலைக்கு ஆள் குறைந்தது. சுவரோரம் குந்தியிருந்த ஏழுமலை மாமா எழுந்துவந்து அந்த முனையை வாங்கிக்கொண்டார். ஆண்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் முதுகை எங்கள் பக்கமும் முகத்தைத் தெருப் பக்கமும் திருப்பிக்கொண்டு, கையைத் தலைக்குமேல் உயர்த்திச் சேலையைப் பிடித்தபடி நின்றார். நான் அவரை மன்னிக்கவில்லை. அக்கா மன்னித்தாரா என்று கேட்க இனி வழியில்லை.

ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். கன்னத்துக் கோடுகள் ஆறி, வெள்ளையாக, மெல்லியதாக இருந்தன. பாதங்களைக் கையில் ஏந்தி, விரல் விரலாகப் பிரித்து வெந்நீர் ஊற்றினேன். மண் கரைந்து போனது. தெருவில் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், யாரோ சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். மேஸ்திரி சேலை முனையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். சேலை இறங்கவில்லை.

இரண்டாவது பாதத்தையும் கழுவி முடித்தபிறகுதான் அவரிடம் சொன்னேன், இறக்கலாம் என்று.

போய் வாருங்கள் அக்கா. உடம்பில் சுணை இல்லை.