தம்பியின் நீல நகங்கள்

என் தம்பிக்கு விரல் நுனியெல்லாம் உருண்டு, நகங்கள் வெளிப்பக்கம் வளைந்து, லேசாக நீலம் பாரித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவனை 'நாவப்பழம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கு நடக்கும்போது பாதி வழியில் மூச்சு வாங்கி, ஏதாவது ஒரு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். நான் இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு பக்கத்தில் நிற்பேன். பட்டுக்குச் சாயம் போட்டுத் தறியும் நெய்கிற வீடு எங்களுடையது. சாயம்தான் நகத்தில் ஏறிவிட்டது என்று அம்மா வெகுநாள் நம்பினாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் பார்த்தாள்.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா அவன் விரலைப் பக்கவாட்டில் திருப்பி வெகுநேரம் பார்த்தார். நகம் விரலுக்குள் இறங்கும் இடத்தில் சின்னப் பள்ளம் இருக்க வேண்டும், இவனுக்கு அது மேடிட்டிருக்கிறது என்றார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"நகத்துக்குன்னு நெறம் கெடையாதும்மா. கண்ணாடி மாதிரி அது. அடியில ஓடுற ரத்தந்தான் மேல தெரியுது. இவனுக்கு இதயத்துல பொறவியிலயே கோளாறு இருக்குது."

அப்பாவும் அம்மாவும் அவனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போய் வந்தார்கள். அவன் உடம்பு ஆபரேஷன் தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் அம்மா மருதாணி அரைத்தாள். தம்பி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"பொம்பளப் புள்ளன்னு சிரிப்பாங்கம்மா."

"அதுக்குச் சிரிச்சா சிரிச்சிக்கினு போறாங்க, வாபா" என்று சொல்லி, ஒவ்வொரு நகமாக அப்பினாள்.

நன்றாகப் பிடித்தது. அவனே வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டான். ஆனால் நகம் வேரிலிருந்து வளர்ந்துகொண்டே இருந்தது. சிவப்பு நுனிப்பக்கம் நகர, அடியில் நீலம் பிறைபோல் எட்டிப்பார்த்தது. அம்மா மறுபடி வைத்தாள். அதற்கடுத்த முறை வைப்பதற்குள், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அப்பா தறியில் இறங்கினார். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கான புடவை பாதியில் நின்றிருந்தது. கரைக்குத் தனியாக நூல் ஓட்டும் நாடாவை எறிய இன்னொரு ஆள் வேண்டும். அம்மா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டில் கண்ணீர் பட்டால் கறையாகிவிடும் என்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நாடா எறிந்தாள்.