அரும்பு, மொட்டு, மலர், கொஞ்சம் உப்பு

ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலை என்பது காலையில் மூக்கு துடைத்துவிடுவதில் தொடங்கி, மாலையில் யாருடைய செருப்பு யாருடைய காலில் போனது என்று கண்டுபிடிப்பதில் முடிகிற வேலை. நடுவில் நேரம் கிடைத்தால் எழுத்தும் சொல்லித்தரலாம். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கும், வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். அந்தப் பெரிய புதுக்கோட்டை இல்லை, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற எங்கள் புதுக்கோட்டை. பள்ளிக்கூடம் மாப்பிள்ளையூரணி தாண்டி, ஒரு ஜன்னலில் உப்பளமும் மறு ஜன்னலில் கடலும் தெரிகிற இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஹெச்.எம். இல்லாத நேரத்தில் நானும்தான்.

பிள்ளையார் சுழி

அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல், எழுத எளிதாக இருக்கும் ட, ப, ம என்று தொடங்குவது எங்கள் முறை. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ரெண்டு கோடு இழுத்தால் ட வந்துவிடுகிறது, முதல் நாளே படித்த மனுசனாக வீட்டுக்குப் போகலாம். முத்துக்குமார் அப்படித்தான் போனான். போனவன் அவன் அப்பாவின் மளிகைக்கடையில் இருந்த அரிசி மூட்டைகளில் எல்லாம் கரியால் ட போட்டுவிட்டான். சரக்கு வாங்க வந்தவர்கள் இது என்ன புது பிராண்டா என்று கேட்டார்களாம்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே கடைக்கார அண்ணாச்சி வாசலில் நின்றார். மூட்டையைப் பற்றி அவருக்குக் கோபம் இல்லை. அ எங்கே போனது என்பதுதான் அவர் கேள்வி. நேர்கோடு, வளைகோடு, கைப்பழக்கம் என்று நான் பயிற்சி வகுப்பில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க கடையில ஒரு சீட்டு எழுதுனாக்கூட பிள்ளையார் சுழி போட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். நீங்க என்ன டீச்சர், எடுத்த எடுப்புல 'ட'ன்னு எறங்கிட்டிய."

மொட்டு

படிப்பில் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதற்கு எங்களிடம் மூன்று பெயர்கள் உண்டு. எழுத்து இப்போதுதான் பிடிபடுகிறவர்கள் அரும்பு, சொல்லைக் கூட்டிப் படிப்பவர்கள் மொட்டு, வரியை வாசிப்பவர்கள் மலர். மக்கு, சுமார், கெட்டிக்காரன் என்று சொல்லாமல் இருக்க யாரோ நல்ல மனசோடு வைத்த பெயர்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் இதை விளக்கிப் பாருங்கள், தெரியும். வந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் தங்கள் பிள்ளை என்ன பூ என்று கேட்டார்கள்.

முத்துக்குமார் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்தான், வந்தவன் அங்கேயே உட்கார்ந்துகொண்டான். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணாச்சி கடையிலிருந்து போன் போட்டு விசாரிப்பார். நானும், "மொட்டுதான் அண்ணாச்சி, மொட்டுதான்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்: "இவ்வளவு நாளா மொட்டாவே நிக்கானே டீச்சர், வேர்ல எதும் உரம் வைக்கணுமா?"

முந்திப் போனவள்

இப்போது ஜெனி. இந்தக் கதைகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவள் இவள்தான். அப்பா ரோச் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர், அம்மா அமலி. ஜெனி புத்தகத்தை விரித்தால் நிறுத்தாமல் வாசிப்பாள். ஏற்ற இறக்கம், மூச்சு விடும் இடம் எல்லாம் அச்சாக என்னைப் போலவே இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹெச்.எம்.மைக் கூட்டிவந்து, இந்த வகுப்பின் முதல் மலரைப் பாருங்கள் என்று நிறுத்தினேன்.

ஜெனி நண்டு கதையை வாசித்தாள். நண்டு வளையை விட்டு வந்தது, வழியில் ஆமையைப் பார்த்தது, அலைக்குப் பயந்து ஓடியது. ஹெச்.எம். தலையாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். விரித்திருந்த பக்கத்தில் நண்டும் இல்லை, ஆமையும் இல்லை. ஒரு யானை நின்றது. நான் வகுப்பில் வாசித்துக் காட்டியதை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறாள். பக்கம் தப்பு என்று விரலால் காட்டினேன். ஜெனிக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. "பக்கம் மெதுவாத்தான் வருது டீச்சர், நான் முந்தியே போயிட்டேன்."

டயர்

அமலியை வரச்சொன்னேன். அவர் சிரித்தார். என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதா, கரையில் நிற்கிற எந்த போட்டைக் காட்டினாலும் பேரைப் படபடவென்று படிப்பாளே, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள் என்றார். சோதித்தேன். அப்பாவின் போட்டான 'மரிய ராணி'யின் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, இது என்ன என்று கேட்டேன்.

ஜெனி எழுத்தைப் பார்த்தாள், பலகையின் நாலு மூலையையும் பார்த்தாள், குனிந்து அடியிலும் பார்த்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நியாயம் கேட்கிற குரலில் சொன்னாள்: "டயரைக் காணோமே டீச்சர், அப்புறம் எப்படிச் சொல்ல?"

போட்டின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர், கொடியின் கிழிசல், முன்பக்கத்து அணியத்தில் விழுந்த நசுங்கல், இவற்றை வைத்துத்தான் ஜெனி அத்தனை போட்களையும் படித்திருக்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அமலியைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஊரில் மஞ்சள் வேன் விட்டுப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. முழுப் பரீட்சைக்குள் இவள் ஒரு வரியாவது தானாக வாசிக்காவிட்டால் டீசி வாங்கிக்கொண்டு அங்கே சேர்த்துவிடுவேன் என்றார். தமிழிலேயே எழுத்து கூடாத பிள்ளை அங்கே இரண்டு மொழிக்கு நடுவில் திண்டாடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன். அமலி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பஸ் ஏறணும்னா பக்கத்துல நிக்கவங்கிட்ட கேட்டுத்தான் ஏறுதேன் டீச்சர். இவளும் கேட்டுக் கேட்டு ஏறக் கூடாது."

அன்று மாலை பஸ்ஸில் என் ஊர்ப் பெயரைப் பலகையில் ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஏறினேன்.

உப்பு

மனப்பாடத்தை உடைக்க வேண்டும். புத்தகத்தை எடுத்து அலமாரியில் பூட்டினேன். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் ஒரு வாளி உப்பு கொண்டுவந்து தந்தார். தட்டில் பரப்பி, விரலால் எழுத்து எழுதி, அதையே வாயால் சொல்லி, தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் எழுத்து அழிந்துவிடும், அடுத்தது எழுதலாம். உப்பில் எழுதியதை மனப்பாடம் செய்ய முடியாது, அடுத்த நிமிடம் அது இருக்காது. ஜெனி முதலில் முறைத்தாள். பிறகு அந்தக் குலுக்கலில் மயங்கிவிட்டாள். ஒரு எழுத்து எழுதினால் மூன்று முறை குலுக்கினாள். கார்த்திகை மழையில் உப்பு ஈரமாகி எழுத்து அழிய மறுத்தபோது, டீச்சர் என் 'ம' சாகமாட்டேங்குது என்று அழுதாள்.

ஒரே ஒரு சிக்கல். எழுதிய விரலை நக்காமல் அடுத்த எழுத்துக்குப் போகும் பிள்ளை அந்த வகுப்பில் ஒருத்தர்கூட இல்லை. ஹெச்.எம். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுத்து மனசுல ஏறுதோ இல்லியோ டீச்சர், ஒண்ணாங்கிளாஸ் மொத்தத்துக்கும் பிரஷர் ஏறப்போவுது."

மெதுவு

பொங்கலுக்குப் பிறகு அந்த அதிசயம் நடந்தது. ஜெனி மெதுவானாள். ப... ட... ம், படம். ம... ர... ம், மரம். எழுத்தின் கீழே விரலை வைத்து, நாக்கை வெளியே நீட்டி, ஒரு சொல்லைக் கடக்க அவள் எடுத்த நேரத்தில் நான் வருகைப்பதிவே முடித்துவிடுவேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இது மனப்பாடம் இல்லை, அசல் வாசிப்பு. எழுத்துக்கூட்டத் தொடங்கும் எந்தப் பிள்ளையும் முதலில் நத்தைதான் என்பது நம் கட்சிக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் அம்மா முன்னால் அவள் வாயே திறப்பதில்லை. முன்பு படபடவென்று வாசித்துக் கைதட்டு வாங்கியவளுக்கு, திக்கித் திக்கி வாசிப்பது அவமானமாக இருந்திருக்கும். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நிறுத்தி அமலியைக் கேட்கவைத்தேன். ஒரு சொல்லுக்காக நெடுநேரம் காத்திருந்துவிட்டு அவர் வெளியே வந்தார். "ஓடிக்கிட்டு இருந்த பிள்ளைய நொண்ட வச்சிட்டியளே டீச்சர்."

ஜோடிப் படகுகள்

ஏப்ரல் நடுவில் தடைக்காலம் வந்தது. மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் காலம். போட்டைக் கரையேற்றி, ஓட்டை அடைத்து, பெயிண்ட் அடிப்பார்கள். ரோச்சின் 'மரிய ராணி'யும் அவர் அண்ணனின் 'சவேரியார் துணை'யும் ஒரே தச்சர் ஒரே சமயத்தில் கட்டிய ஜோடி. அளவும் நிறமும் ஒன்றுதான். ரெண்டும் அடுத்தடுத்து நின்றன.

பரீட்சை முடிந்த அன்று, நாளைக்கு டீசி எழுதிவையுங்கள் என்று அமலி சொல்லி அனுப்பினார். ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று கரைக்கே போனேன். பெயிண்டர் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் எழுதி முடித்தாயிற்று. ரோச்சும் அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு அழகு பார்த்தார்கள். அமலி போட்டோ எடுத்து சவூதியில் இருக்கும் தம்பி வரைக்கும் அனுப்பிவிட்டார். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டுப் பதில் அனுப்பியிருந்தார்கள். எனக்கும் பணியாரமும் டீயும் வந்தது. டீசி பேச்சை எடுத்தேன். அமலி இன்னொரு பணியாரத்தை என் தட்டில் வைத்தார்.

டயர்களை எல்லாம் பெயிண்டுக்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஜெனி அப்பாவின் போட் முன்னால் போய் அண்ணாந்து நின்றாள். விரல் காற்றில் நகர்ந்தது. ச... வே... ரி... அமலி தலையில் அடித்துக்கொண்டார். பார்த்தீர்களா டீச்சர், சொந்த அப்பா போட்டே தெரியவில்லை, முன்பாவது தெரிந்தது என்றார். ரோச்சின் அண்ணன் சிரித்தார். ஜெனி காதில் எதுவும் விழவில்லை. நாக்கு வெளியே வந்துவிட்டது. யா... ர், சவேரியார். அப்புறம் பக்கத்து போட்டுக்கு நடந்தாள். ம... ரி... ய...

நான் அப்போதுதான் பெயரைப் பார்த்தேன். மீசை முளைத்த நாள் முதல் அந்த போட்டில் போகிற ரோச்சும் அப்போதுதான் பார்த்தார். சவூதித் தம்பி உட்பட யாருமே பார்க்கவில்லை. போட்டின் முகம் தெரிந்தவர்களுக்குப் பெயர் எதற்கு? பெயிண்டர் ரெண்டு பெயரையும் மாற்றி எழுதிவிட்டார்.

கரையே சிரித்தது. அண்ணன் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குப் பணியாரம் புரையேறியது. பெயிண்டர் மட்டும் நிதானமாக ரெண்டு போட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரோச்சிடம் சொன்னார்: "எழுத்தை எதுக்கு அழிக்கணும் அண்ணாச்சி, போட்டை எடம் மாத்தி நிப்பாட்டிட்டா ஆச்சுல்லா."

அமலி சிரிக்கவில்லை. மகள் கையைப் பிடித்து அடுத்த போட்டுக்குக் கூட்டிப்போனார். பிறகு அதற்கடுத்ததுக்கு. ஜெனி ஒவ்வொரு பெயர் முன்னாலும் நின்று எழுத்துக்கூட்டினாள், அமலி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். கரை முடியும் இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன். என்னிடம் டீசி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து மகளிடம்தான் பேசினார்: "ஏளா ஜெனி, நாளைக்கு எங்கூட பஸ் ஸ்டாண்டுக்கு வாரியா?"

ஆக, ஒரு பிள்ளை மொட்டிலிருந்து மலராக உரமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, ஒரு தட்டு உப்பும் கவனமில்லாத ஒரு பெயிண்டரும் போதும்.