விரத நாளில் கேப்ஸ்யூல்

கேப்ஸ்யூலின் கூடு எதில் செய்தது என்று முதலில் கேட்டவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர். நான் கொடுத்த சிவப்பும் மஞ்சளுமான கேப்ஸ்யூலை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக்குங்களா?" என்றார்.

ஏற்காட்டில் என் மருந்துக் கடை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மஞ்சக்குட்டை பஸ் வரத் தாமதமானால் அதற்காகக் காத்திருப்பவர்கள் கடை நிழலில் ஒதுங்குவார்கள். அன்றும் சிலர் நின்றிருந்தார்கள். பார்மசி படித்து முடித்த பிறகு சேலத்தில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் செய்தி திருத்தும் வேலை பார்த்துவிட்டு இந்தக் கடைக்கு வந்தவன் நான். முதல் வரியிலேயே படிக்கிறவரை இழுத்து நிறுத்த வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

"மாட்டு எலும்புங்க. தோலும் சேரும். காய்ச்சி எடுக்கறது" என்றேன்.

"அட கருமமே. அப்ப விரதத்துல இதை முழுங்குனா?"

"சாமி கணக்குல கறிதானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "நான் சர்ச்சுக்குப் போறவன், தப்பிச்சேன். இவுங்க பாடுதான் கஷ்டம்" என்றார் ரைட்டர். சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். மஞ்சக்குட்டையில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் விவசாயி; ஐம்பது வயதைத் தாண்டியவர். அன்று கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து, சிறுநீர் சரியாகப் பிரியாத தொந்தரவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கேப்ஸ்யூலை வாங்கியிருந்தார். அவர் எப்போதும் ஆள் இல்லாத நேரத்தில்தான் வாங்குவார். அட்டையைப் பழைய பேப்பரில் சுற்றித் தரச் சொல்லிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். அவர் கை சட்டைப் பையின் மேல் போனதைப் பார்த்தேன். நோய் வெளியே தெரிந்துவிடும் என்று கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது; போய்விட்டார்கள்.

சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த விவசாயி சாமி தூக்குகிறவர்களில் ஒருவர். அவருடைய அப்பாவின் தோளில் இருந்த, சாமியைத் தாங்கும் கம்பு அவர் தோளுக்கு வந்தது. காப்பு கட்டினால் கறி, முட்டை கிடையாது; சாப்பாடு ஒரு வேளைதான், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு மத்தியானம், தலைவலி மாத்திரை வாங்க வந்த ஜீப் டிரைவர் சேதி சொன்னார். ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்த விவசாயி, பெயரைக் கூப்பிட்டதும் எழுந்திருக்கிறார். எழுந்த இடத்திலேயே விழுந்திருக்கிறார்.

"காப்பு கட்டுன ஆளு அப்படி உழுகலாங்களா? கோழி அடிச்சுத் தின்னுட்டாருன்னு ஊரே பேசுதுங்க. இந்த வருசம் அவரு தோளுக்குக் கம்பு இல்லையாம்."

"தின்னதை யாராச்சும் பாத்தாங்களா?"

"நாம பாக்கோணுமாக்கும்? சாமி பாத்துருச்சுல்ல."

பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு அதே ஜீப்பில் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன், சரசரவென்று இறங்கியது. மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாள் பெருமையாகவே சொன்னார்.

"விரதமுங்களே தம்பி. அந்த எலும்புக் கூட்டைப் பிரிச்சுத் தூரப் போட்டுருவேன். உள்ள கடுகாட்டம் இருக்குதுல்லீங்க, அது பல்லுல சிக்குதுன்னாரு. நல்லா இடிச்சுத் தேன்ல குழைச்சுக் காத்தால வெறும் வயித்துல தந்துருவேன். நொம்ப சுத்தமாத்தான் செஞ்சேனுங்க. நீங்கதான் எலும்புன்னு சொன்னீங்களாமே?"

அந்தக் கடுகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு உண்டு. மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்குவது அந்தப் பூச்சினால்தான். கல்லூரி ஆய்வகத்தில் இதே மாதிரி மணிகளை உருட்டி, பூச்சு ஏற்றி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று கருவியில் போட்டுப் பார்த்துக் கணக்கு எழுதியிருக்கிறேன். இடித்தால் பூச்சு போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டியதை வெறும் வயிற்றில் எடுத்தால் வேகம் இன்னும் கூடும். ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் விழுவார். மருந்தாளுநர் என்றால் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமல்ல, அதை எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளியிடம் பேச வேண்டியவர் என்று இப்போது பாடத்திலேயே வைத்திருக்கிறார்கள். நானும் பேசத்தான் செய்தேன். கூடு எதில் செய்தது என்று பேசினேன். அதைப் பிரிக்கக் கூடாது என்று பேசவில்லை. தாவரத்தில் செய்த கூடும் உண்டு, இதே மருந்து மாத்திரையாகவும் வருகிறது என்று பேசவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் மருந்தை நிறுத்திவிட்டு நேரில் வரச் சொன்னார். அதைக் கட்டிலில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, "அண்ணா, ஊர்ப் பெரியவங்ககிட்ட நானே வந்து சொல்லிடறேன். விரதம் கெடலை, மருந்து பண்ணுன வேலைன்னு" என்றேன்.

"எந்த மருந்துன்னு கேப்பாங்கல்ல?"

"பிரஷர் மாத்திரைன்னு சொல்லலாங்க."

"ஊர்ல மருத்துவ முகாம் போட்டப்ப எல்லாத்துக்கும் முன்னாலதான் பிரஷர் பாத்தாங்க. எனக்கு இல்லேன்னு ஊருக்கே தெரியும். கோழி தின்னேன்னா ஒரு வருசம் பேசுவானுங்க. இதுன்னு தெரிஞ்சா சாகற வரைக்கும் பேசுவானுங்க. ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி."

"அப்ப உங்க தோளு?" என்று மனைவி கேட்டார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த அம்மாள் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காப்பி போட்டுக் கொடுத்தார்.

திருவிழாவுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவர் இடத்தில் அவருடைய தம்பி மகன் கம்பைத் தாங்கி வந்தான். அவர் ஒரு மரத்தடியில் அண்டாவுக்குப் பின்னால் நின்று வருகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் மருந்தை இடிக்காமல் விழுங்கும் மாத்திரையாக மாற்றியிருந்தார்; இப்போது அது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. திடமாகத்தான் இருந்தார். சாமி அந்த மரத்தைத் தாண்டும்போது மட்டும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வலது தோளைத் தடவிக்கொண்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஜீப் டிரைவர் டம்ளரை முகர்ந்து பார்த்தார். "ஏனுங் மாமா, மோருல கோழி வாசம் வருதுங்களே!"

"உனக்குன்னு ஒரு காலு தனியாப் போட்டு வெச்சிருக்கறேன். குடிடா" என்றார் அவர். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த டம்ளரை என்னிடம் நீட்டி, "குடிங்க தம்பி" என்றார். வாங்கிக் குடித்தேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ரைட்டர் என் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, நெசமாலுமே தின்னுருப்பாருங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன்.

தின்றிருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எந்த மருந்தின் பெயரும் தேவைப்பட்டிருக்காது.