ஐம்பத்தாறாம் பக்கத்துக் கூடை

1959 ஜூலை 20, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. ஆடிக்காற்று தாடிக்கொம்பு மண்ணையெல்லாம் வகுப்புக்குள் கொட்டியதால் ஜன்னல்கள் நான்கையும் சாத்தியிருந்தோம். தமிழ் வாத்தியார் அந்த அரை இருட்டில் புத்தகங்களைக் கொடுத்தார்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு வாசிப்பு நோட்டு என்று ஒன்று உண்டு. வாரம் ஒரு புத்தகம். வெள்ளிக்கிழமைக்குள் கதையை ஐந்து வரியில் எழுத வேண்டும். அதன்கீழ், 'இக்கதை உனக்கு எதை நினைவூட்டியது?' என்பதற்குப் பதில். அடியில் அப்பாவின் கையெழுத்து. புத்தகத்தில் பக்கம் போனால் பக்கத்துக்கு மூன்று நயா பைசா அபராதம்.

எனக்கு வந்தது அறுபத்து நான்கு பக்கப் புத்தகம். எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்தாறுதான் இருந்தது. எட்டு பக்கம், இருபத்து நான்கு நயா பைசா!

ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கும் அண்ணன் தம்பி கதை அது. கிணறு தூர்ந்துவிடுகிறது. யார் வாருவது என்பதில் சண்டை, பேச்சு வார்த்தை இல்லை. ஐம்பத்தாறாம் பக்கத்தில், விடியற்காலையில் அண்ணன் கடப்பாரையும் கூடையுமாகக் கிணற்றுக்கு வருகிறான். அதோடு சரி.

முடிவைத் தெரிந்துகொள்ள அப்பாவிடம் கேட்டேன்.

"தம்பி தண்ணி எறைக்கக்கூடாதுன்னு கமலைக்கல்லப் பேத்துப் போட்டிருப்பான். அண்ணங்காரனுக வேற என்ன செய்வானுக?" என்றார்.

பள்ளிப் பதிவேட்டில் எனக்கு முன் அந்தப் புத்தகத்தை எடுத்தவன் பெரியப்பா மகன். கிழித்தவன் அவன்தான் என்று நிரூபித்துவிட்டால் நான் தப்பலாம். ஆனால் மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. புதன்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் போனேன்.

"எனக்கு வரும்போதே அப்படித்தாண்டா இருந்துச்சு. ஒன்னமாதிரி பக்கத்த எண்ணிக்கிட்டு கெடக்க எனக்கு வேற வேலை இல்லையா?" என்றான் அவன்.

சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்தார். "ஏலே, என்ன பொஸ்தகம்? படி கேப்போம்."

படித்தேன். அப்பா சொன்ன முடிவையும் ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தேன்.

பெரியப்பா ஐம்பத்தாறாம் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "கல்லப் பேக்க வாரவன் கூடைய எதுக்கு அப்பு தூக்கிட்டு வாரான்? தூர் வாரத்தான் வந்திருக்கான்" என்றார்.

நோட்டில் இரண்டு முடிவையும், யார் யார் சொன்னது என்பதோடு எழுதினேன். காணாமல் போன பக்கங்களின் எண்களையும் வரிசையாக எழுதினேன். எதை நினைவூட்டியது? 'எதையும் நினைவூட்டவில்லை.'

வியாழக்கிழமை இரவு நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டியபோதுதான், பெரியப்பா வீட்டுக்குப் போனதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது. அடிக்குக் காத்திருந்தேன். அப்பா அந்த ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தார்.

"கூடையும் இருந்துச்சா?"

"ஆமாப்பா, ஒரு கூடை."

"அவரா சொன்னாரு?"

தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பா கடப்பாரையும் கூடையும் எடுத்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார். போகட்டும், எனக்கு என் அபராதக் கவலை. திங்கட்கிழமை வாத்தியார் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். 'எதையும் நினைவூட்டவில்லை' என்பதன்கீழ்ச் சிவப்பு மையில், 'மறுபடியும் படி.' ஓரத்தில், அபராதம் 24.

அழுதுகொண்டே கிணற்றுக்கு ஓடினேன். அப்பா உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். கூடையைக் கயிற்றில் மேலே இழுத்தவர் பெரியப்பா. அபராதத்தைச் சொன்னேன்.

"எம்மவன்கிட்ட பாதி, இவன்கிட்ட பாதி வாங்குவோமா?" என்று பெரியப்பா கிணற்றுக்குள் குனிந்து கேட்டார்.

"சரிண்ணே" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பக்கம்கூடக் கிழிக்காதவன் ஏன் கட்ட வேண்டும் என்று அழுதேன். உண்டியலை உடைத்து என் பங்கைக் கட்டினேன். பன்னிரண்டு நயா பைசா.