கரையில் நின்றவர்களின் கோபம்

டுசல்டோர்ஃபிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறது எங்கள் சிற்றூர். எங்களுக்கும் மேற்குப் பிரான்சில் ஒரு துறைமுக ஊருக்கும் வெகுகாலமாக நட்புறவு. ஒரு வருடம் அவர்கள் இங்கே வருவார்கள், மறு வருடம் இங்கிருந்து அங்கே போவார்கள். இவ்வளவு காலம் இந்த ஊரில் இருந்தும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சனிக்கிழமை என்றால் எனக்கு நித்திரைதான்.

இந்த முறை போனதற்குக் காரணம் தங்கையின் மகள். மொன்றியலில் பிறந்தவள், படிப்பு விஷயமாக ஜெர்மனிக்கு வந்து ஒரு கிழமை எங்களோடு தங்கினாள். நல்ல பிள்ளை. ஆனால் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சம். அவளுடைய தாயோடு நான் கதைத்துப் பதினொரு வருடம்.

ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். அம்மா மொன்றியலில் இறந்தபோது, 'இனி நீங்கள் வரத் தேவையில்லை' என்று தங்கை செய்தி அனுப்பினாள். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க விடாதவளோடு என்ன கதை? கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கதையின் முதல் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை, மனைவிக்குக்கூட.

நகரசபை மண்டபத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்பு அவர்கள் ஊரிலிருந்து கப்பலேறி, கனடாவில் போய்க் குடியேறியவர்களைப் பற்றியது. தச்சன், ரொட்டி சுடுபவன், கலியாணத்துக்கென்று அனுப்பப்பட்ட பெண்கள் என்று பெயர்கள் நீளமாக இருந்தன. பக்கத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். போனவர்கள் காலடி வைத்த மண்ணில் அதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்களே, அதைப் பற்றி ஏன் இரண்டு வரி மட்டும் என்று பிள்ளை பிரெஞ்சில் கேட்டுவிட்டு, எனக்கும் தமிழில் சொன்னாள். சுருக்கென்று கேட்டுவிட்டாளே என்று நான் பயந்தேன்.

மனிதர் கோபிக்கவில்லை. அது எங்கள் குறைதான் என்றாராம். பிறகு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெயர்களை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அவள் வாசிக்க வாசிக்கக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நான் கதைக்கிற மொன்றியல் பிரெஞ்சு அவரின்ரை அம்மா கதைச்ச மாதிரி இருக்காம், மாமா. அவையின்ரை ஊரிலை இப்ப ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லையாம். பள்ளிக்கூடத்திலை அடிச்சு மாத்திப்போட்டினமாம்."

இந்தப் பட்டியலில் உன் முப்பாட்டன் யார் என்று கேட்டாராம். யாழ்ப்பாணம் என்று இவள் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் பிள்ளைகள் தமிழில் தொடங்கி ஜெர்மன் மொழியில் முடிப்பார்கள். இவளோ தங்கையின் தமிழைக் கதைக்கிறாள், தங்கையின் தமிழ் அப்படியே அம்மாவின் தமிழ். அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தாயின் குரல் கேட்டது. நான் ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னும் ஏதோ நெடுநேரம் சொன்னார். அவள் திரும்பி எனக்குச் சொன்னாள்.

"போன ஆக்களின்ரை பேர்தான் எழுதியிருக்காம். கரையிலை நிண்ட ஆக்களின்ரை பேரை ஒருத்தரும் எழுதேல்லையாம். போனவை தங்களை மறந்திட்டினம் எண்டு நிண்டவைக்குக் கோவமாம். கனகாலத்துக்குப் பிறகு கனடாவிலை இருந்து ஆக்கள் தேடி வரேக்கைதான் விளங்கினதாம், அவையளும் இவையளைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தவை எண்டு."

"இவ்வளவும் அவர் சொன்னவரோ, நீ கூட்டிச் சொல்லுறியோ?"

"அவர் சொன்னதைத்தான் சொல்லுறன், மாமா."

கூட வந்திருந்த மனைவி மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் வைத்து அந்த முதல் பாதியை மனைவிக்குச் சொன்னேன். அம்மா கடைசி நாட்களில் இருக்கிறார் என்று தங்கை போனில் அழைத்தபோது, கனடா விசா கிடைக்கவில்லை என்ற கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை வாறன் என்றுவிட்டேன். புதன்கிழமை அம்மா போய்விட்டார். உறவுக்காரர் எல்லாரும் திட்டத் திட்ட, தங்கை அம்மாவைத் தகனம் செய்யாமல் ஞாயிறுவரை எனக்காகக் காத்திருந்தாள். அவள் எடுத்த ஒரு அழைப்புக்கும் நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. வெட்கத்துக்குக் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டு பதினொரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

மனைவி போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். மொன்றியலில் அப்போது காலை நேரம்.

"விசா இல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "வாறன் எண்டு பொய்தான் சொன்னனான்."

"தெரியும் அண்ணை. உங்கடை குரலிலேயே விளங்கினது."

"பிறகேன் நாலு நாள் பாத்துக்கொண்டு இருந்தனீ?"



"அண்ணை வெள்ளிக்கிழமை வாறார் எண்டு அம்மாவுக்குச் சொல்லிட்டன். அவன் வந்தா என்ன கறி வைக்கப்போறாய் எண்டு கேட்டவ. அதுதான் அவ கடைசியாக் கதைச்சது. அதை எப்பிடி நான் பொய்யாக்கிறது?"

"நீ என்ன சொன்னனீ?"

"கணவாய்க் கறி எண்டன். ஓம் எண்டவ."